வாசகர் கேள்வி: போதையை விட்டா பணமா?

கே: அமெரிக்கால போதையை நிறுத்தினா காசு குடுக்கறாங்களாமே, அதுலயே திரும்ப வாங்கிட மாட்டாங்களா?

ப: நியாயமான பயம்தாங்க. ஆனா கேஷ் கைல குடுக்கறதில்ல. கலிஃபோர்னியால 2023லேர்ந்து மெடி-கால்ங்கற அரசு இன்சூரன்ஸ்ல நடக்குது, கிஃப்ட் கார்டுதான், சாராயம் சிகரெட் லாட்டரி வாங்க முடியாது. 24 வாரம், ஆரம்பத்துல வாரம் ரெண்டு யூரின் டெஸ்ட், மெத் (மெத்தாம்பெட்டமின்ங்கற போதைப்பொருள்), கொக்கைன் இல்லன்னு வந்தா முதல்ல 10 டாலர், தொடர்ந்து அப்படியே வந்தா தொகை ஏறிட்டே போகும், நடுவுல ஒருதடவை சறுக்கினா அன்னைக்கு ஒண்ணும் கிடையாது, அடுத்து திரும்ப 10லேர்ந்து, ஆனா வெளிய அனுப்பிட மாட்டாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதான். மெத், கொக்கைன் அடிமைத்தனத்துக்குன்னு அங்க அங்கீகரிச்ச மருந்தே கிடையாதுங்க, அதான் இப்படி ஒரு வழி. மாஜி ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகள்ல 2011லேர்ந்தே இந்த முறை இருக்கு, கூடவே கவுன்சலிங்கும் உண்டு.