பேரனில் தொடங்கிய பெயர்: ஓ'பிரையன் கேள்வி-பதில்

ஓ'பிரையன் என்ற ஐரிஷ் குடும்பப் பெயரில் வரும் 'ஓ' ஆங்கில 'ஆஃப்' என்பதன் சுருக்கம்தானே?

இல்லை. ஐரிஷ் மொழியில் 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். மகன் என்றால் 'மாக்'. ஐரிஷ் எழுத்தில் அந்த 'ஓ'வின் தலையில் நெடிலுக்கான சாய்கோடு இருக்கும். அது ஆங்கில எழுத்தர்கள் கையில் பக்கத்துக்கு இறங்கி, ஒற்றை மேற்கோள் குறியாகிவிட்டது என்பார்கள்.

எந்தப் பிரையனுடைய பேரன்?

பிரையன் போரு. மன்ஸ்டர் பகுதியில், ஷானன் ஆற்றங்கரையில் செல்வாக்குப் பெற்ற குலத்தில் பிறந்து, அயர்லாந்தின் பேரரசர் ஆனவர். 1014 ஏப்ரல் 23, புனித வெள்ளியன்று, டப்ளின் அருகே க்ளான்டார்ஃப் போரில் அவருடைய படை ஜெயித்தது. அவர் உயிர் போனது. 1086இல் இறந்த மன்னர் டர்லக் அவருடைய சொந்த மகன்வழிப் பேரன். ஆக டர்லக்கை 'பிரையன் பேரன்' என்று அழைத்தது அப்பட்டமான உண்மை. அப்புறம் கொள்ளுப்பேரனும் எள்ளுப்பேரனும் கூட 'பேரன்' என்றே எழுத, அது குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

அப்படியானால் எல்லா ஓ'பிரையன்களும் ராஜ வம்சமா?

ஆசைப்படலாம், தடையில்லை! அரச கிளை க்ளேர், லிமெரிக் பக்கம் தோமண்ட் என்ற அரசை ஆண்டது. 1543இல் அதன் தலைவர் மர்ரோ, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியிடம் பணிந்து அரசுரிமையைக் கொடுத்துவிட்டு 'ஏர்ல்' என்ற பிரபுப் பட்டம் வாங்கிக்கொண்டார். அதே வம்சத்தில் வந்த வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன், 1848இல் ஆங்கில ஆட்சிக்கு எதிராகவே கலகம் செய்து நாடுகடத்தப்பட்டார். ஆனால் அயர்லாந்தின் மிகப் பரவலான பத்துப் பெயர்களில் இதுவும் ஒன்று. பெயர் மட்டும் சான்றாகாது. தலைமுறை தலைமுறையாக ஆவணம் வேண்டும்.

பழைய பதிவில் 'பிரையன்' என்று மட்டும் இருக்கிறதே, வேறு குடும்பமா?

அவசியமில்லை. ஆங்கில ஆட்சியில் பலர் 'ஓ'வை விட்டுவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சி வந்தபோது திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

எங்கே தேடுவது?

1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி, 1922 உள்நாட்டுப் போரில் டப்ளினில் ஆவணங்கள் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் எரிந்தபோது சாம்பலாகிவிட்டது. இடையில் உள்ளவற்றை அரசே அழித்துவிட்டது, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பிறப்பு, இறப்புப் பதிவு 1864இல் தொடங்கியது.

ஓ'பிரையன் குலச்சின்னம் பொறித்த கேடயம் வாங்கலாமா?

அலங்காரத்துக்கு வாங்குங்கள். சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் தரப்படுவது, பெயருக்கு அல்ல.