எல்லையோரப் பஞ்சாயத்தின் மனித மூலதனத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஒருவர் கேட்டிருப்பது, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பஞ்சாயத்துக்கு: படிப்பையும் பெரியவர்கள் உடல்நலத்தையும் வைத்து மனித மூலதனத்தை, அதாவது மக்களின் படிப்பும் ஆரோக்கியமும் தரும் உழைப்புத் திறனை, உள்ளூரிலேயே அளக்க முடியுமா? முடியும். உலக வங்கி 2018-ல் வெளியிட்ட மனித மூலதனக் குறியீட்டின் வாய்பாடு போதும். சிக்கல் வருவது இறப்புப் பதிவேட்டிலும் பள்ளிப் பதிவேட்டிலும்தான்.

இந்தியாவின் 2020 எண்களை வைத்தே வாய்பாட்டைப் போட்டுப் பார்ப்போம். பள்ளி ஆண்டுகள் 11.1, தேர்வு மதிப்பெண் 399. அதை உயர்ந்த தேர்ச்சிக்கான அளவான 625-ஆல் வகுத்து ஆண்டுகளோடு பெருக்கினால் 7.1. பதினோரு வருஷம் பள்ளிக்குப் போய் ஏழு வருஷப் படிப்புதான் தேறுகிறது. முழு அளவு 14 ஆண்டு, குறைவது 6.9. அதை 0.08-ஆல் பெருக்கி, மைனஸ் குறியோடு எக்ஸ்பொனென்ஷியல் எடுத்தால் (கால்குலேட்டரில் eˣ பொத்தான்) 0.58. உடல்நலத்துக்கு இரண்டு: 15 வயதிலிருந்து 60 வரை பிழைப்போர் 83 சதவீதம், வளர்ச்சி குன்றாத (வயதுக்கேற்ற உயரமுள்ள) குழந்தைகள் 65 சதவீதம். குறைபாடுகளை முறையே 0.65, 0.35-ஆல் பெருக்கி, சராசரி எடுத்து அதே முறையில் போட்டால் 0.89. ஐந்து வயதைத் தாண்டும் குழந்தைகள் 0.96. மூன்றையும் பெருக்குங்கள்: 0.49. முழுப் படிப்பும் முழு ஆரோக்கியமும் இருந்தால் இது 1 ஆகும்.

இனி உள்ளூரில் பெரியவர்களின் பிழைப்பு விகிதம். 15-19 முதல் 55-59 வரை ஒன்பது வயதுப் பிரிவு. ஒவ்வொன்றிலும் ஆண்டு இறப்பை மக்கள்தொகையால் வகுத்து விகிதம் எடுங்கள். அதை 5-ஆல் பெருக்கி, (1 + 2.5 × விகிதம்)-ஆல் வகுத்து, 1-லிருந்து கழியுங்கள். ஒன்பது விடைகளின் பெருக்கமே பிழைப்பு விகிதம்.

பதிவேட்டை மட்டும் நம்பினால் இது பொய்யாக உயரும். 1969 சட்டப்படி மரணம் நடந்த இடத்தில்தான் பதிவாகும். மாரடைப்பில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் அங்கே இறந்தவர் உங்கள் பஞ்சாயத்துக் கணக்கில் வரவே மாட்டார். ஆஷா எனும் கிராம சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு வீடுவீடாகக் கேட்பதுதான் வழி. அதுவும் ஐந்து வருஷத்தைச் சேர்த்து. ஆண்டுக்கு 45 இறப்பு என்றால் தற்செயலாகவே 13 கூடும், குறையும்.

பள்ளிக் கணக்கும் அப்படித்தான். பொள்ளாச்சிக்கு பஸ் ஏறும் பிள்ளை அந்தப் பள்ளியின் எண்ணிக்கையில் இருக்கும். எனவே வீட்டிலேயே எண்ணுங்கள். 99 சதவீதத்துக்கு மேல் தேறும் கேரளத்தின் எஸ்.எஸ்.எல்.சி. (பத்தாம் வகுப்புத் தேர்வு) எதையும் பிரித்துக் காட்டாது. வாசிப்பும் கணக்கும் சோதியுங்கள். தமிழ் மீடியம் பிள்ளைக்குத் தமிழில். அந்த மதிப்பெண்ணை 625 அளவுகோலில் திணிக்காமல் தனியாகக் காட்டுங்கள்.

வளர்ச்சி குன்றாத குழந்தைகளின் கணக்குக்கு, அங்கன்வாடியில் இரண்டு வயதுக்குக் கீழான குழந்தையைப் படுக்கவைத்தே நீளம் அளக்க வேண்டும். நிற்கவைத்தால் சுமார் 0.7 செ.மீ. குறைந்து, விளிம்பிலுள்ள குழந்தை வளர்ச்சி குன்றிய பட்டியலில் விழும்.