ஓடிக்கொண்டிருக்கும் ரெப்ளிகேஷனில் புது டேபிள் சேர்க்க, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமா?

வேண்டாம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் (ஒரு சர்வரின் டேபிள் மாற்றங்களை இன்னொரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் முறை) பழைய டேபிள்கள் ஒழுங்காகப் போகின்றன, புதிதாக உருவாக்கிய மூன்று மட்டும் மறுபக்கம் வரவில்லை என்கிறீர்கள். சப்ஸ்கிரிப்ஷனை, அதாவது பெறும் பக்கத்து இணைப்பை, டிராப் செய்துவிட்டு மறுபடி போடும் யோசனையை விட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் பழைய டேபிள்களையும் திரும்பக் காப்பி எடுக்கப் போகும். அங்கே ஏற்கெனவே டேட்டா இருப்பதால் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் உள்ள தனி அடையாளம்) இடித்து நிற்கும்.

டேபிளின் அமைப்பு தானாகப் போகாது. அதனால் முதலில் சப்ஸ்கிரைபரில் (பெறும் சர்வர்) அதே பெயரில், அதே நெடுவரிசைகளோடு காலி டேபிளை நீங்களே உருவாக்க வேண்டும். பிறகு பப்ளிஷரில் (அனுப்பும் சர்வர்) 'ஆல்டர் பப்ளிகேஷன்... ஆட் டேபிள்'. இங்கே கை தவறி 'செட் டேபிள்' என்று அடித்துவிடாதீர்கள், பப்ளிகேஷனில் இருந்த பழைய டேபிள் பட்டியலே போய் நீங்கள் கொடுத்தது மட்டும்தான் மிஞ்சும். கடைசியாக சப்ஸ்கிரைபரில் 'ஆல்டர் சப்ஸ்கிரிப்ஷன்... ரெஃப்ரெஷ் பப்ளிகேஷன்'. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். எரர் எதுவும் வராது, டேபிள் பாட்டுக்குக் காலியாகவே கிடக்கும்.

ரெஃப்ரெஷ் செய்தும் காலியாக இருந்தால் சப்ஸ்கிரைபரில் 'பிஜி_சப்ஸ்கிரிப்ஷன்_ரெல்' கேட்டலாகைப் (ஒவ்வொரு டேபிளின் நிலையையும் காட்டும் சிஸ்டம் டேபிள்) பாருங்கள். நிலை 'ஆர்' என்றால் சரி. 'டி'யிலேயே நின்றால் காப்பி ஓடுகிறது, அல்லது தோற்றுத் தோற்றுத் திரும்ப முயல்கிறது. இரண்டில் எது என்பதை சப்ஸ்கிரைபரின் லாக் சொல்லிவிடும். என் அனுபவத்தில் பெரும்பாலும் பெர்மிஷன் பிரச்சினைதான்: ரெப்ளிகேஷன் யூசருக்குப் பழைய டேபிள்களில் செலக்ட் உரிமை இருக்கும், புதியதற்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்ததும் அடுத்த முயற்சியில் தானே ஓடிவிடும். இத்தனைக்கும் நடுவில் பழைய டேபிள்கள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும்.

பிரைமரி கீ இல்லாத டேபிளாக இருந்தால் சேர்க்கும் முன்பே 'ரெப்ளிகா ஐடென்டிட்டி' (எந்த வரி மாறியது என்று அடையாளம் காட்டும் அமைப்பு) முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் பப்ளிஷரிலேயே அப்டேட்டும் டெலிட்டும் எரர் அடிக்கும். அதாவது அடிவாங்குவது ரெப்ளிகா அல்ல, உங்கள் புரொடக்‌ஷன் ஆப். டேபிள் பெரிதென்றால் காப்பி முடியும்வரை பப்ளிஷரில் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் வால் (WAL) ஃபைல்கள் சேரும், டிஸ்க்கில் ஒரு கண் இருக்கட்டும்.

பப்ளிகேஷன் உருவாக்கும்போதே 'ஃபார் ஆல் டேபிள்ஸ்' (எல்லா டேபிள்களும்) என்று போட்டிருந்தால் இதெல்லாம் தேவையில்லையே என்று யாராவது சொல்வார்கள். அதனால் குறைவது ஆட் டேபிள் என்ற ஒரு படி மட்டும்தான். சப்ஸ்கிரைபரில் டேபிள் உருவாக்குவதும் ரெஃப்ரெஷும் அப்போதும் உங்கள் வேலைதான்.