பேன்பிளேட் டாங்கிக்கு உள்ளறை செய்ய எங்க இருந்து தொடங்குறது?

கல்முனையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, வார்ஹாமர் எண்ட பொம்மைப் போர் விளையாட்டுல வாற பேன்பிளேட் டாங்கியை ஒட்டிச் செய்யிற கிட் ஒண்டு கையில இருக்கு, உள்ளுக்க வெறும் கூடுதான். ஆக்கள் இருந்து ஓட்டுற மாதிரி உள்ளறை செய்ய ஆசை, ஆனா பிளாஸ்டிக்கார்ட் (மொடல் செய்யிற பிளாஸ்டிக் தகடு) இங்க எந்தக் கடையிலயும் இல்ல. என்ன செய்யலாம்?"

தம்பி, இப்போதைக்கு பசையைத் தொடாதீங்க. துண்டுகளை ஒட்டாம ரப்பர் பேண்ட் போட்டு நிப்பாட்டிட்டு, எந்த ஓட்டைக்குள்ளால உள்ளுக்க பார்க்கப் போறீங்க எண்டு முடிவெடுங்க. விளையாட்டுக் கதைப்படி அந்த டாங்கிக்குள்ள பத்துப் பேர் இருப்பாங்க, அதுக்காக பத்து சீட்டும் செய்ய வெளிக்கிட்டீங்கெண்டா மாசக்கணக்கா வெட்டி ஒட்டி கடைசில ஒருத்தருக்கும் தெரியாத மூலைக்கு பெயின்ட் அடிச்சுக்கொண்டு இருப்பீங்க. என்னைக் கேட்டா டரட்டை (மேல சுத்துற பீரங்கிக் கூடு) ஒட்டாம கழட்டுற மாதிரி விடுங்க, அதைத் தூக்கினா அந்த வட்டத்துக்குள்ளால என்ன தெரியுதோ அதை மட்டும் செய்யுங்க, மிச்சத்துக்கு கறுப்பு அடிச்சு விட்டா போதும்.

அறையை டாங்கி உடம்போட சேர்த்துக் கட்ட வேணாம். தனித் தட்டுல செய்ங்க, உள்ள வச்சு வெளிய எடுக்கக் கூடியதா. அப்பதான் தூரிகை போகும். இதுல கனபேர் மறக்கிறது சுவர்ட தடிப்பு: ரெண்டு பக்கமும் 1 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் தகடு வச்சா அகலத்துல 2 போயிடும், கிட்டோட ஒட்டு விளிம்புகள் உள்ளுக்க நீட்டிக்கொண்டு நிக்கிறது வேற. அதால முதல்ல பிரிஸ்டல் போட் அட்டையில அச்சு வெட்டி உள்ள இறக்கிப் பாருங்க, சரி வந்த பொறகு பிளாஸ்டிக்ல வெட்டலாம்.

அளவுக்கு பொம்மைதான் அடிமட்டம். 170 சென்ரிமீற்றர் ஆள் 28 மில்லிமீற்றர் எண்டு வச்சா, 45 சென்ரிமீற்றர் உயரக் கதிரை ஏழரை மில்லிமீற்றர் வரும். ஆனா இந்தப் பொம்மைகள்ட தலையும் கையும் கொஞ்சம் பெருசு, அதால சீட்டை கணக்கை விட அகலமா வெட்டுங்க.

சாமானுக்கு வருவம். யோகட் கப்புக்கு அடியில முக்கோணத்துக்குள்ள 6 எண்டு இருந்தா அது பொலிஸ்டைரீன், கிட்டும் அதுதான், ஒரே பிளாஸ்டிக் சீமெந்து (மொடல் ஒட்டுற பசை) ரெண்டையும் கரைச்சு ஒட்டும். கிட் துண்டுகள் வந்த ஸ்ப்ரூ சட்டத்தை எறியாதீங்க, பைப்பும் கைபிடியும் அதுல வரும், பொடியா வெட்டி சீமெந்து போத்தல்ல கொஞ்சம் ஊறப்போட்டா இடைவெளி அடைக்கிற பேஸ்ட். தரைக்கு நுளம்பு வலை, வயருக்கு பழைய டெலிபோன் கேபிள். றிஜிபோம் (தெர்மோகோல்) மட்டும் வேணாம், ஸ்ப்ரே பட்டா உருகிடும்.

லைட்டுக்கு சிவப்பு எல்ஈடி ஒண்டு போடுங்க, இருட்டுல பழகின கண்ணைக் கெடுக்காத வெளிச்சம் எண்டு உண்மையான கப்பல், டாங்கியளுக்குள்ளயும் அதைத்தான் பாவிக்கிறது. சிஆர் 2032 பற்றரி 3 வோல்ட், சிவப்பு எல்ஈடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போகும், மிச்ச 1 வோல்ட்டுக்கு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டா 10 மில்லிஅம்பியர். பற்றரியை மாத்தக்கூடிய இடத்துல வைங்க, மூடி ஒட்டிட்டா கதை முடிஞ்சுது.

நம்மட பக்கத்துக்கெண்டு ரெண்டு விசயம் இருக்கு. சுப்பர் க்ளூ ஆவி மூடின இடத்துல ஈரத்தோட சேர்ந்து வெள்ளையாப் படியும், வாவியும் கடலும் பக்கத்துல இருக்கிற நமக்குச் சொல்லவே தேவல்ல, அதால ஜன்னல் கண்ணாடியை பைண்டர் கம்மால (வெள்ளைப் பசை) ஒட்டுங்க. அடுத்தது ப்ரைமர் ஸ்ப்ரே, பெயின்டுக்கு முன்னம் அடிக்கிற அடிப்பூச்சு. மாரியில அடிச்சா காத்துல உள்ள ஈரம் பட்டு மங்கிப்போகும், கச்சான் எண்ட சூடான வறண்ட காத்துல அடிச்சா மேல படமுன்னமே காஞ்சு மண் தூவின மாதிரி சொரசொரக்கும். கச்சான் நாள்ல காத்து எழும்ப முன்னம் விடியக்காலமை அடிங்க, மாரியில தூரிகைதான். கார் பெயின்ட் ப்ரைமர் வாங்கினா ஸ்ப்ரூ துண்டொண்டுல அடிச்சுப் பார்த்துட்டு கிட்டுக்கு வாங்க, சிலது பிளாஸ்டிக்கையே அரிக்கும்.

உள்ளறைக்கு பெயின்ட் முழுக்க முடிஞ்சு காஞ்ச பொறகுதான் வெளி உடம்பை ஒட்டுறது. தூக்கிற மூடிக்கு 5 மில்லிமீற்றர் அகலம், 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள வட்டக் காந்தம் போடலாம், ஒட்ட முன்னம் எந்தப் பக்கம் எதை இழுக்குதெண்டு மார்க்கர்ல குறிச்சு வைங்க.