பழைய கன்சர்வேட்டரியை இடித்துச் சன்ரூம் கட்டப் பென்ஷனை எடுக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில், பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு எங்களுடையது. பின்பக்கத்தில் 2003இல் போட்ட கன்சர்வேட்டரி, அதாவது கண்ணாடி அறை, இருக்கிறது. பிளாஸ்டிக் கூரை. கோடையில் உள்ளே நிற்க முடியாது. குளிர்காலத்தில் கறிவேப்பிலைச் செடிகூடக் கருகிவிடுகிறது. அதை இடித்து, வீட்டுக்கும் அதற்கும் நடுவிலுள்ள கதவையும் எடுத்துவிட்டு, நல்ல கூரையுடன் சன்ரூம் கட்ட ஒரு நிறுவனம் 32,000 பவுண்டு கேட்கிறது. கவுன்சில் அனுமதி தேவையில்லை என்கிறார்கள். 79 வயது அம்மா பகலில் வெயில்பட உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். எனக்கு வயது 57, சம்பளம் 41,000 பவுண்டு. மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) இன்னும் 8 வருடம் இருக்கிறது. இப்போதைய நிலையான வட்டி 10 மாதத்தில் முடிகிறது. ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 22,000, பழைய வேலையில் சேர்ந்த பென்ஷன் நிதியில் 40,000. பென்ஷனை முழுவதும் எடுத்துக் கடனில்லாமல் கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. கடனில்லாமல் கட்ட வேண்டும் என்ற உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த வழி, கடனைவிட அதிகமாக உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

கணக்கைப் பாருங்கள். 40,000 பவுண்டையும் ஒரே வருடத்தில் எடுத்தால் கால் பங்கான 10,000க்கு வரி இல்லை. மீதி 30,000 உங்கள் சம்பளத்தின் மேல் ஏறி உட்காரும். 41,000இலிருந்து 50,270 வரை 20 சதவீதம். அதைத் தாண்டிய 20,730க்கு 40 சதவீதம். ஆக வரி மட்டும் 10,146 பவுண்டு. கையில் வருவது 29,854. சன்ரூமுக்கே அது போதாது. முதலில் அவசரகால வரிக்குறியீடு என்ற தற்காலிகக் கணக்கில் இன்னும் அதிகமாகப் பிடித்துக்கொள்வார்கள், பிறகு நீங்கள் விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். அதோடு, இப்படிப் பணம் எடுத்தவர் இதுபோல் பணமாகச் சேரும் பென்ஷன் நிதியில் வரிச்சலுகையுடன் இனிப் போடக்கூடிய தொகை வருடத்துக்கு 10,000 ஆகக் குறைந்துவிடும். கடைசிப் பத்து வருடத்தில் ஓய்வுக்காலத்துக்கு வேகமாகச் சேர்க்க நினைப்பவருக்கு அது பெரிய இழப்பு.

நான் சொல்வது இது. ஐசாவிலிருந்து 12,000 எடுங்கள். 10,000 தொடாமல் கிடக்கட்டும். மீதி 20,000ஐக் கடனாக வாங்கி மோர்ட்கேஜோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டி 5 சதவீதம் என்று வைத்து, மீதமுள்ள அதே 8 வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 253 பவுண்டு. மொத்த வட்டி சுமார் 4,300. மாதத் தவணை 132தான் வருகிறதே என்று 20 வருடத்துக்கு நீட்டினால் வட்டி 11,600ஐத் தாண்டிவிடும். 65 வயதில் முடியும் கடனை 77 வயதுவரை சுமக்காதீர்கள். இப்போதே வேறு வங்கிக்கு மாறினால் முன்கூட்டி முடிப்பதற்கான அபராதம் இருக்கக்கூடும். உங்கள் வங்கியிடமே கூடுதல் கடன் கேளுங்கள், அல்லது அந்த 10 மாதம் பொறுங்கள். மாதம் 253 பவுண்டு பாரமாக இருந்தால், பென்ஷனில் வரியில்லாத 10,000ஐ மட்டும் எடுத்து, மீதியை முதலீட்டிலேயே விட வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் மேலே சொன்ன 10,000 வரம்பு உங்களைக் கட்டுப்படுத்தாது. கடனும் பாதியாகும்.

இனி, "அனுமதி தேவையில்லை" என்ற பேச்சு. இதில் எனக்குக் கவலை. இங்கிலாந்தில் இரண்டு அனுமதிகள் உண்டு. மக்கள் ஒன்றோடு ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். திட்ட அனுமதி வேறு: உங்களைப் போன்ற வீட்டில் பின்சுவரிலிருந்து 3 மீட்டர் வரை, மேல்மாடி இல்லாத நீட்டிப்புக்குப் பொதுவாக அது தேவைப்படாது. கட்டுமானம் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் கட்டட விதி ஒப்புதல் வேறு. கன்சர்வேட்டரிக்கு அதிலிருந்து விலக்கு கிடைப்பதே, வீட்டுக்கும் அதற்கும் நடுவில் வெளிக்கதவு இருப்பதாலும் வெப்பமூட்டல் தனியாக இருப்பதாலும்தான். கதவை எடுத்த கணமே விலக்கு போய்விடும். அடித்தளம், கூரையின் வெப்பக்காப்பு எல்லாவற்றையும் ஆய்வாளர் பார்த்து நிறைவுச் சான்றிதழ் தர வேண்டும். நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். அது இல்லாவிட்டால் 32,000 பவுண்டு போட்ட அறையையே காரணம் காட்டி விலையைக் குறைப்பார்கள்.

பழைய அடித்தளத்தின் மேலேயே கட்டிவிடுகிறோம் என்று சொன்னால், ஒரு குழி தோண்டி ஆழத்தைக் காட்டச் சொல்லுங்கள். லண்டன் களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்பும். கண்ணாடிக்காகப் போட்ட மேலோட்டமான அடித்தளம் சுவரையும் கனமான கூரையையும் தாங்காது. புது அடித்தளம் விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து வீட்டிலிருந்து 3 மீட்டருக்குள், அவர்கள் அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டினால், 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி ஒரு மாதம் முன்பே அவர்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும்.

முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டினால் பாதுகாப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சட்டப் பாதுகாப்பு 30,000 பவுண்டு விலைவரைதான். உங்கள் ஒப்பந்தம் அதைத் தாண்டுகிறது. எனவே வேலை முடிய முடியப் பணம் தரும்படி பேசுங்கள். கடைசித் தவணையைச் சான்றிதழ் கைக்கு வந்தபின் கொடுங்கள்.

கையெழுத்திடும் முன் இன்னொன்று கேளுங்கள். வீட்டின் தரையும் சன்ரூமின் தரையும் ஒரே மட்டத்தில், நடுவில் படி இல்லாமல் வரட்டும். வரைபடத்திலேயே சேர்த்துவிட்டால் செலவு சொற்பம். அம்மா கைத்தடியோடு நடக்கத் தொடங்கிய பிறகு கேட்டால், போட்ட தரையை உடைக்க வேண்டியிருக்கும்.