வயதுக்கு வருவது, பிள்ளை பெறுவது, மாதவிடாய் நிற்பது: இதில் மரபணுவின் பங்கு என்ன?

போன வாரம் வந்த கேள்விகளை மொத்தமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் மரபியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன், மருத்துவர் அல்ல. அதனால் மருந்து, மாத்திரை பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இருக்காது.

கோவை வாசகி: நான் 14 வயதில் பெரியவளானேன். மகள் 10 வயதிலேயே ஆகிவிட்டாள். அம்மாவைப் போலத்தானே மகளுக்கும் வரும் என்பார்கள்?

பாதிதான் உண்மை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஒரே காலத்தில் ஒரே மாதிரிச் சூழலில் வளர்ந்த பெண்களுக்கு இடையே தெரியும் பூப்பெய்தும் வயது வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதியோ அதற்குச் சற்று மேலோ மரபணுவால் வருவதாகத் தெரிகிறது. நீங்களும் உங்கள் மகளும் ஒரே காலத்தில் வளரவில்லையே. நார்வேயில் 1840களில் சராசரியாக 16, 17 வயதில் பூப்பெய்தினார்கள், அடுத்த நூறு ஆண்டில் அது 13 பக்கம் வந்துவிட்டது. நாலைந்து தலைமுறையில் மரபணு அவ்வளவு மாறாது. மாறியது சாப்பாடும் சுகாதாரமும், சிறு வயதில் வரும் நோய்கள் குறைந்ததும்தான்.

உடம்பில் போதுமான கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்பதை லெப்டின் என்ற ஹார்மோன் மூளைக்குச் சொல்கிறது. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் தானாக வருவதில்லை, ஊசியாக லெப்டின் கொடுத்தால் வருகிறது. 2021இல் எம்சி3ஆர் என்ற இன்னொரு மரபணுவும் இந்த வேலையில் இருப்பது தெரிந்தது. அதாவது, நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கும் ஏற்பாட்டையே மரபணு தருகிறது, தேதியை எழுதிக் கொடுப்பதில்லை. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப்போன பெண் குழந்தைகளை 1990களில் ஆராய்ந்தார்கள். அவர்கள் பூப்பெய்திய இடைநிலை வயது 11.6, அங்கே பிறந்த பெண்களுக்கோ 13 பக்கம். குறையாகச் சாப்பிட்ட உடம்பு திடீரென்று நன்றாகச் சாப்பிட்டதும் வேகமெடுத்தது என்பதே பலரும் சொல்லும் விளக்கம்.

கரூர்க்காரன்: அப்பா வழியில் ஒன்றுமே வராதா?

வரும், இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். 15ஆம் குரோமோசோமில் எம்கேஆர்என்3 என்று ஒரு மரபணு. குழந்தைப் பருவம் முழுக்க அது மூளையில் பிரேக் பிடித்தபடி இருக்கும், பிரேக் தளர்ந்தால் பருவ மாற்றம் தொடங்கும். இதில் அம்மாவிடமிருந்து வரும் பிரதி எல்லோருக்கும் ஊமை. அப்பா தரும் பிரதிதான் வேலை செய்யும். 2013இல் வந்த ஆய்வில், சிறுவயதிலேயே பருவமடைந்த பிள்ளைகள் இருந்த குடும்பங்களைப் பார்த்தபோது பழுது எல்லாம் அப்பா வழியாகவே வந்திருந்தது. அந்த அப்பாவுக்கு அது அவருடைய அம்மாவிடமிருந்து வந்திருந்தால் அவருக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது, பிள்ளைக்கு மட்டும் வரலாம். ஒரு தலைமுறை தாண்டிக் குதிக்கும். டாக்டர் குடும்ப விவரம் கேட்கும்போது அம்மா, சித்தி, பெரியம்மாவோடு நிறுத்தாமல் அத்தைகளையும், அப்பாவுக்கு எந்த வயதில் குரல் உடைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்: மகளுக்கு ஏழரை வயது, மார்பு வளர ஆரம்பித்திருக்கிறது.

இந்த வாரமே குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன், ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன் அறிகுறி தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. ஆண் பிள்ளைகளை யாரும் கவனிப்பதே இல்லை, அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மதுரை மீனா: எல்லாம் பிராய்லர் கோழியால்தான். ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள்.

இந்தக் கருத்துக்கு ஆதரவாகவே பாதிக் கடிதங்கள். கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டுக் கோழி வம்சத்தை அப்படியே வைத்திருந்தார்கள். அதையும் 2005ஆம் ஆண்டு பிராய்லரையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் பழைய கோழி 905 கிராம், புதியது 4,202 கிராம். ஊசியே இல்லை, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததால் வந்த எடை இது.

மீனா மறுபடி: எங்கள் மாமா பண்ணையில் குஞ்சுக்கு மருந்து விடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்!

பார்த்திருப்பீர்கள். குஞ்சைக் கையில் பிடித்துக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுவார்கள். அது வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்து. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், அதைச் சாப்பிட்டால் வயிற்றில் செரித்துப் போகும். கோழி விஷயத்தில் கோபப்பட வேண்டுமானால் ஆன்டிபயாடிக் பற்றிக் கேளுங்கள். மற்றவை பலிக்காதபோது மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்க 2019இல்தான் இந்தியாவில் தடை வந்தது. நியாயமான சண்டை அங்கே இருக்கிறது.

இன்னும் ஆறேழு பேர்: கோழி, முட்டை, பாக்கெட் பால்…

மீனாவுக்குச் சொன்ன பதிலையே படியுங்கள். கோழி பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

தஞ்சை இளைஞன்: எப்போது காதலிப்போம், எப்போது குழந்தை பெறுவோம் என்பதும் மரபணுவிலா?

துளி இருக்கிறது. 2021இல் வெளியான பெரிய ஆய்வில் முதல் உடலுறவு, முதல் குழந்தை ஆகியவற்றின் வயதோடு தொடர்புள்ள 371 இடங்களை மரபணுத் தொகுப்பில் கண்டார்கள், ஆனால் ஒவ்வொன்றின் பங்கும் மிக மிகச் சிறியது. ஆராயப்பட்டவர்களும் ஐரோப்பிய வம்சாவளியினர். கல்யாண வயதை வீடே முடிவு செய்யும் ஊரில் அந்தத் துளிக்கும் இடம் குறைவு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இல்-ஓ-கூட்ர் என்ற தீவில் சர்ச் பதிவேடுகளைப் புரட்டியபோது, 1799 முதல் 1940 வரையில் திருமணமான பெண்களின் முதல் பிரசவ வயது 26இலிருந்து 22க்கு இறங்கியிருந்தது. அதில் ஒரு பங்கு இயற்கைத் தேர்வால் வந்தது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். எல்லோரும் ஒரே மாதிரி வாழ்ந்த சின்னத் தீவு என்பதால்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

சேலம் பிரியா: எச்சில் கொடுத்தால் எல்லாம் சொல்லும் டெஸ்ட் எடுக்கலாமா? மகள் எப்போது பெரியவளாவாள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

வேண்டாம். லட்சக்கணக்கானவர்களின் சராசரியை வைத்து உங்கள் ஒரு பிள்ளையின் தேதியைச் சொல்ல முடியாது. காசு போகும், கவலை வரும்.

பெயர் வேண்டாம்: அக்காவுக்கு 37 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. எனக்கு 31, இன்னும் குழந்தை இல்லை. அக்கா மகனுக்குப் பேச்சு தாமதம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியால்தான் விரிவாக எழுதுகிறேன். சோதனை வேண்டாம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன், உங்களுக்கு மட்டும் வேண்டும் என்கிறேன். எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்ற மரபணுவில் டிஎன்ஏவின் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். அது 55 முதல் 200 முறை வந்தால், அந்தப் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்குள் சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. பிள்ளைக்குப் போகும்போது அது 200ஐத் தாண்டி நீண்டால் அறிவு வளர்ச்சியும் பேச்சும் பாதிக்கலாம். உங்கள் வீட்டில் அதுதான் என்று நான் சொல்லவில்லை, இரண்டுக்கும் வேறு காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து வந்தால் பார்த்தே ஆக வேண்டும். ரத்தப் பரிசோதனைதான். முதலில் அக்காவுக்கு எடுக்கச் சொல்லுங்கள், அவருக்கு இருந்தால் அடுத்து உங்களுக்கு. உங்களுக்கும் இருந்தால் குழந்தையைத் தள்ளிப்போடாமல் பெறுவதா, கருமுட்டையைச் சேமிப்பதா என்று மகப்பேறு மருத்துவரிடம் பேச இன்னும் நேரம் இருக்கிறது. மரபியல் ஆலோசகர் இருக்கும் மருத்துவமனையாகப் பார்த்துப் போங்கள், அக்கா மகனின் மருத்துவக் கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.