சாட்சிக் கூண்டில் மனக்காயம்: ஆள்கடத்தல் வழக்குகளும் நீதிபதிகள் பயிற்சியும் – கேள்வி பதில்

ராமநாதபுரம் மாவட்டத்தில் சட்ட உதவி வழக்குகள் பார்க்கிறேன். ஆள்கடத்தலிலிருந்து மீண்டு வந்தவர்களை நீதிமன்றத்தில் எப்படி விசாரிக்க வேண்டும் என்று நீதிபதிகளுக்கு நடக்கும் பயிற்சிகளிலும் பேசுவதுண்டு. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர ஊர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். யாருடைய வழக்கு என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

தொண்டி, பள்ளி ஆசிரியை: நீதிபதிகள் படித்துத் தேர்வெழுதித்தானே வருகிறார்கள்? அவர்களுக்கே வகுப்பா, மேடம்?

சட்டம் படித்துத்தான் வருகிறார்கள் டீச்சர். அடி, பட்டினி, மிரட்டல் என்று வருஷக்கணக்கில் கிடந்த ஒருத்தரின் நினைவு எப்படி வேலை செய்யும் என்பது சட்டப் படிப்பில் பெரிதாக வருவதில்லை. தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பயிற்சியகம் சென்னையில் இருக்கிறது, மதுரையிலும் கோவையிலும் அதன் மண்டல மையங்கள் உண்டு. 2021இல் அபர்ணா பட் வழக்கில் உச்சநீதிமன்றமே இந்தத் தேவையைப் பேசியது. பாலியல் தொல்லை கொடுத்தவன் பாதிக்கப்பட்ட பெண்ணின் வீட்டுக்குப் போய் அவள் கையால் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஜாமீன் நிபந்தனை போட்டிருந்தது மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம். அந்த நிபந்தனையை ரத்து செய்த கையோடு, நீதிபதிகள் பயிற்சியில் பாலின உணர்திறன் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் சொன்னது. உயர்நீதிமன்றத்திலேயே அப்படி ஓர் உத்தரவு வந்திருக்கிறது என்றால், கீழமை நீதிமன்றங்களுக்கு வகுப்பு தேவையா என்று நாம் தயங்க வேண்டியதில்லை.

பாம்பன், தன்னார்வலர்: ஆட்டுக்கிடையிலிருந்து மீட்ட பையன் அக்கா. கிடையில் சேர்ந்தது எந்த மாதம் என்று போலீஸில் ஒன்று சொன்னான், கோர்ட்டில் வேறொன்று சொன்னான். எதிர்த்தரப்பு வக்கீல் "இவன் சொல்வது எல்லாமே கதை" என்று முடித்துவிட்டார். இதை எப்படிச் சமாளிப்பது?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் தம்பி.

உயிர்பயம் வரும்போது மூளையில் ஆபத்தைக் கவனிக்கும் அமிக்டலா முழு வேகத்தில் இயங்கும். நடந்ததை நேரம், வரிசை பார்த்து அடுக்கும் ஹிப்போகாம்பஸ் அந்த நேரத்தில் சரியாக வேலை செய்யாது. அதனால் அடித்த தடியின் முடிச்சு நினைவிருக்கும், அடிபட்டது திங்களா வியாழனா என்பது இருக்காது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு துண்டு கூடும், ஒரு துண்டு விடுபடும். சிலர் அழாமல், யாருக்கோ நடந்ததுபோல மரத்த குரலில் சொல்வார்கள். சிலர் சிரித்துக்கூட விடுவார்கள். கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்கு இதெல்லாம் பொய்யின் அடையாளமாகத் தெரியும்.

இதோடு நம்ம ஊர் விஷயம் ஒன்றும் சேர்கிறது. அப்பா வாங்கிய கடனுக்காகக் கீதாரியிடம், அதாவது ஊர் ஊராகக் கிடை போடும் ஆட்டு மந்தைக்காரரிடம் விடப்பட்டு, தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் வயல் வயலாக அலைந்த பிள்ளை அவன். காலண்டரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். அவனிடம் "எந்த ஆண்டு, எந்த மாதம்?" என்று கேட்டால், பெரியவர் கேட்கிறாரே என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவைப்பான். அந்தப் பதில்தான் பிறகு முரண்பாடு ஆகிறது. அதையே "நீ போய்ச் சேர்ந்தப்போ வயலில் என்ன நின்றது? நெல்லா, அறுத்த தாளா, உளுந்தா?" என்று கேட்டுப் பாருங்கள். அறுப்பு முடிந்து கிடை போட்ட வயல், குட்டி போட்ட ஆடு, நனைந்த மழை எல்லாம் வரிசையாக வரும். தை மாசியா, ஆடியா என்று அதிலிருந்து கணக்குப் போடுவது நம் வேலை. பயிற்சியில் நீதிபதிகளிடம் நான் அழுத்திச் சொல்வது இது: தேதி கேட்காதீர்கள், வயலைக் கேளுங்கள். கடற்கரைப் பிள்ளை என்றால் மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னா பின்னா என்று கேட்கலாம்.

சட்டமும் இதற்கு எதிராக இல்லை. சிறு சிறு முரண்பாடுகளைப் பிடித்துக்கொண்டு பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்தைத் தள்ளிவிடக் கூடாது என்று 1996லேயே குர்மித் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒன்று, தடுமாற்றம் பொய்க்கு அடையாளம் இல்லை என்பதுபோல உண்மைக்கும் அது அத்தாட்சி இல்லை. கடன் நோட்டு, செல்போன் பேச்சுப் பதிவு, பக்கத்து வயல்காரர் சாட்சியம் என்று மற்றதையும் நீதிபதி பார்த்தே ஆக வேண்டும்.

ராமநாதபுரம், இளம் வழக்கறிஞர்: நான் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் ஆஜராகிறவன் மேடம். குறுக்கு விசாரணை எங்கள் உரிமை. நீதிபதி சாட்சிக்குப் பரிவு காட்டினால் அது ஒருதலைப்பட்சம் ஆகாதா?

உங்கள் உரிமையில் யாரும் கை வைக்கவில்லை தம்பி. கேட்கும் முறைக்குத்தான் வரம்பு, அந்த வரம்பும் புதிதல்ல. அசிங்கமான கேள்வியையும் அவமானப்படுத்தும் கேள்வியையும் தடுக்கும் அதிகாரம் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 154, 155ஆம் பிரிவுகளில் இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்திலும் இதே அதிகாரம் இருந்தது. சாக்ஷி வழக்கில் 2004இல் உச்சநீதிமன்றம், பாதிக்கப்பட்டவர் எதிரியைப் பார்க்காதபடி திரை போடலாம், எதிரி தரப்பின் கேள்விகளை எழுதி வாங்கி நீதிபதியே புரியும் மொழியில் கேட்கலாம், இடையில் ஓய்வு கொடுக்கலாம் என்றது. திரை போட்டாலும் சாட்சியின் முகம் நீதிபதிக்கும் உங்களுக்கும் தெரியும்.

நம் கோர்ட்டுகளில் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வியைப் பாருங்கள்: "நீங்கள் விருப்பப்பட்டுத்தான் போனீர்கள், பணமும் வாங்கினீர்கள், இப்போது கடனைக் கொடுக்காமல் இருக்கத்தான் பொய்யாகச் சாட்சி சொல்கிறீர்கள் என்றால் சரிதானே?" இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. "ஆமா" என்று அவர் தலையாட்டினால் எதற்கு ஆட்டினார்? ஒவ்வொன்றாகக் கேளுங்கள் என்று நீதிபதி சொன்னால் பதிவு தெளிவாகும். உங்கள் கட்சிக்காரர் நிரபராதி என்றால் அந்தத் தெளிவு அவருக்கும் உதவும்.

மண்டபம், மகளிர் குழு உறுப்பினர்: முன்பணம் வாங்கிட்டுத்தானே கரிமூட்டத்துக்கு, விறகு எரிச்சுக் கரி எடுக்கிற வேலைக்குப் போறாங்க? கட்டாயப்படுத்தி யாரு கூட்டிட்டுப் போனா?

ஆள்கடத்தல் குற்றத்தில் சம்மதம் ஒரு பொருட்டே இல்லை என்று புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு விளக்கமாகவே சொல்கிறதம்மா. ஏமாற்றியோ, மிரட்டியோ, ஆசை காட்டியோ வாங்கிய சம்மதம் செல்லாது. முன்பணத்தைக் காட்டி வெளியே விடாமல் வைத்திருந்தால் 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே ரத்து.

இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பயிற்சி என்றால் கறுப்பு அங்கி போட்டவர்களோடு நின்றுவிடுகிறது. கொத்தடிமை விடுவிப்புச் சான்றிதழ் தருவது சார் ஆட்சியரோ கோட்டாட்சியரோதான், அந்த விசாரணையில் அவர்தான் நீதிபதி. சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டிருக்கும் அதே இடத்தில், முதலாளியின் பைக் பக்கத்தில் நிற்க, "உங்களை யாராவது கொடுமைப்படுத்துறாங்களா?" என்று கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? "ஒரு குறையும் இல்லய்யா" என்றுதான் சொல்வார்கள். அவர்களை வேறு இடத்துக்கு அழைத்து வந்து, சோறு போட்டு, குடும்பத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சான்றிதழ் கிடைத்தால் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய சுரண்டல் என்றால் 3 லட்சம். தவறான இடத்தில் கேட்ட ஒரு கேள்வியால் இத்தனையும் போய்விடும்.

தேவிபட்டினம், ஒரு தாய்: கம்போடியாவுல கம்ப்யூட்டர் வேலைன்னு போன எம்மவன, அங்க ஆளுங்கள ஏமாத்துற வேலை செய்யச் சொல்லி அடிச்சிருக்காங்க. இப்ப இவனையே குற்றவாளியாக்கிருவாங்களோன்னு பயமா இருக்கும்மா.

பயப்படாதீங்கம்மா, ஆனால் சும்மாவும் இருக்காதீங்க. ஆள்கடத்தலுக்கு எதிரான ஐநா நெறிமுறையை இந்தியா 2011இல் ஏற்றுக்கொண்டது. கடத்தப்பட்டவரைக் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்த குற்றத்துக்காக அவரையே தண்டிக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க வலியுறுத்தப்படும் கொள்கை. நம் சட்டத்தில் அது அவ்வளவு தெளிவாக எழுதப்படவில்லை, அதனால் நீதிபதிக்கு ஆதாரத்தோடு புரியவைக்க வேண்டியிருக்கிறது. ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு, டிக்கெட், பணம் கட்டிய ரசீது எதையும் அழிக்கச் சொல்லாதீங்க. உடம்பில் காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு வாங்குங்க. 15100க்குப் போன் போட்டால் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். விசாரணைக்கு அழைத்தால் வக்கீலோடு போகச் சொல்லுங்க.

கீழக்கரை, சட்டக் கல்லூரி மாணவி: பாதிக்கப்படும் நிலையில் உள்ள சாட்சிகளுக்குத் தனி அறை என்கிறார்களே, அதில் என்னதான் இருக்கும்?

எதிரி வரும் வழியில் வராமல் தனி வாசல், காத்திருக்க ஓர் அறை, கழிப்பறை, காணொளி வழியாகச் சாட்சி சொல்லும் வசதி. இந்தியாவில் முதலாவது 2012இல் டெல்லி கர்கர்தூமா நீதிமன்றத்தில் வந்தது. 2022இல் ஸ்மிருதி துக்காராம் வழக்கில் இதை நாடு முழுவதும் ஏற்படுத்தச் சொன்னதோடு, பயிற்சிகளை வகுக்க நீதியரசர் கீதா மிட்டல் தலைமையில் ஒரு குழுவையும் உச்சநீதிமன்றம் அமைத்தது.

ஆனால் கட்டடம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம் மகளே. வராந்தாவில் டவாலி, அதாவது கோர்ட்டுச் சேவகர், சாட்சி சொல்ல வந்த பெண்ணின் பெயரை மூன்று முறை சத்தமாகக் கூப்பிடுகிறார் அல்லவா? கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதை நிறுத்த ஒரு பைசா செலவில்லை. வழக்கைக் காலையில் முதலில் எடுக்கலாம். உட்கார நாற்காலி போடலாம். சாட்சிக்குத் தர வேண்டிய படிப்பணத்தை அன்றைக்கே கொடுத்து, எதிரி ஏறும் பஸ்ஸிலேயே ராமேஸ்வரம் திரும்பாதபடி முன்னதாக அனுப்பிவைக்கலாம். என்னைக் கேட்டால், பயிற்சியின் முதல் வகுப்பைப் பெஞ்சு கிளார்க்குக்கும் டவாலிக்கும்தான் வைப்பேன்.

உச்சிப்புளி, வாசகர்: பெண் நீதிபதியிடம் வழக்கு போனால் போதாதா?

போதாது. கடுமையாகக் கேட்கும் பெண் நீதிபதிகளையும் பொறுமையாகக் கேட்கும் ஆண் நீதிபதிகளையும் பார்த்திருக்கிறேன்.

ராமேஸ்வரம், சமூகப் பணியாளர்: மீட்கப்பட்ட பெண் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுகிறாள், காப்பகத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது கோர்ட்டு. அவள் நல்லதுக்குத்தானே?

மேஜர் பெண் என்றால் அவள் விருப்பத்தைக் கேட்காமல் அடைத்துவைப்பது நல்லதில்லை. விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் விசாரித்துக் காப்பகத்துக்கு அனுப்பலாம். அந்த விசாரணைக்கு உதவ ஐந்து பேர் கொண்ட குழுவை அழைக்கலாம், அதில் முடிந்தவரை மூன்று பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்தக் குழுவை யாரும் கண்டுகொள்வதில்லை. விருப்பத்துக்கு மாறாகக் காப்பகங்களில் வைக்கப்பட்ட மேஜர் பெண்களின் நிலையை ஆராய்ந்து விடுவிக்க வழிசெய்ய வேண்டும் என்று 2022 மே மாதம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டில் இருப்பவர்களே அவளை விற்றவர்களா என்று பார்ப்பதும் அவசியம். ஆகவே முதலில் தனியாகக் கேளுங்கள்: "எங்கே போனால் நிம்மதியாகத் தூங்குவாய்?"

திருப்பாலைக்குடி, ஊராட்சி உறுப்பினர்: அடுத்த வாய்தாவில் எங்க ஊர்ப் பொண்ணு சாட்சி சொல்லணும். மிரட்டல் வருது. நான் துணைக்குப் போறேன். என்ன செய்யணும்?

2018ஆம் ஆண்டு சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் உடனே மனுப் போடுங்கள். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதைப் பார்க்கும், போலீஸ் ஐந்து வேலை நாளில் மிரட்டல் பற்றி அறிக்கை தர வேண்டும். வாய்தாவுக்கு முன்பே அரசு வழக்கறிஞரைப் பார்த்து, மூடிய அறையில் விசாரிக்கவும் திரை போடவும் மனு கொடுக்கச் சொல்லுங்கள். கோர்ட்டு ஹாலைப் பெண்ணுக்கு ஒருமுறை காட்டிவையுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். கேள்வி புரியாவிட்டால் "புரியலைங்க" என்று சொல்லலாம், மறந்துவிட்டால் "ஞாபகம் இல்லை" என்று சொல்லலாம், இதை அவளுக்குத் தெரியப்படுத்துங்கள். காலையில் ஏதாவது சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள், மதியம் வரைக்கும் இழுக்கும்.